மாசராட்டியை வரைந்த கைதான் வண்டலூர் காரையும் வரைந்தது!

ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியவர்களிடம் "ஹெரால்டு காரைத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாகச் சேர்ந்து முதலை வாய் போலத் திறக்குமே... அந்தக் கார்தான்!

1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. 1959-ல் வெளிவந்த இங்கிலாந்து கார் 'டிரையம்ப் ஹெரால்டு'தான் இதற்கு மூலம். ஆனால் அழகு இத்தாலி அழகு!

யார் இந்த மைக்கலோட்டி?

டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவன்னி மைக்கலோட்டிதான் ஹெரால்டை வரைந்தவர். கோடீசுவரர்கள் நெடுந்தூரம் பறக்க வாங்கிய 'மாசராட்டி 3500 ஜி.டி.' வரிசையின் திறந்த காரை வரைந்தவரும் இவரே.

மாசராட்டிக்கு 6 சிலிண்டர், 3.5 லிட்டர் என்ஜின். நம்ம ஹெரால்டுக்கு வெறும் 948 சி.சி.! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோடு போட்ட கை மட்டும் ஒன்று.

சேசிஸ் தனி, பாடி தனி. பாகங்களை போல்ட் போட்டு மாட்டினார்கள். இடிபட்டால் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம்.

1972-ல் அதே குடும்பத்து 'கெசல்' வந்தது. 1980-ல் மைக்கலோட்டி காலமானார். பிறகு வண்டலூர் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

உங்கள் கொட்டகையில் பழைய ஹெரால்டு நிற்கிறதா? காயலான் கடைக்காரர் எடை போட்டு விலை சொல்வார். அது தகரத்துக்கு விலை. மைக்கலோட்டியின் கோட்டுக்கு அல்ல. யோசித்து விற்கவும்!