கூண்டும் கையும் – 4
மறுக்கத் தெரிந்த கிளி

கற்பிட்டிப் பக்கத்து வீடொன்றில் கைவிடப்பட்ட பச்சைக்கிளியை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்ததைச் சென்ற வாரம் எழுதினேன். அதை வாசித்த பலரும் கேட்டது ஒன்றுதான்: எப்போது கையில் ஏறும்? கையில் ஏறுவது கடைசிப்படி. அதற்கு முன்னால் கிளிக்கு "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் வரவேண்டும், அதைக் கேட்டு விலகும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

கழுத்தில் ஆரம் விழுந்த ஆண்கிளி இது. அந்த ஆரம் தெளிவாக விழ மூன்று வயதளவாகும். அத்தனை காலமும் சிறகு வெட்டி, துருப்பிடித்த கம்பிக் கூண்டில் வைத்திருக்கிறார்கள். வெட்டிய இறகு ஆணியடித்தாற்போல அப்படியே நிற்கும். அடி உதிர்ந்து புதிது முளைத்தால்தான் பறக்கலாம். பறக்க முடியாத பறவைக்கு ஓடித் தப்ப வழியில்லை, மிஞ்சியிருப்பது அலகு மட்டும். கடிக்கிற கிளியைக் கெட்ட கிளி என்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கடிக்கு முன்னால் அது எத்தனையோ தடவை சொல்லிவிடுகிறது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கிளி மெலிந்து நீண்டு தெரிந்தால் பயம். கண்மணி சுருங்கி விரிந்து சுருங்கினால் உள்ளே ஏதோ கொதிக்கிறது. மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம், அந்த நேரம் கை நீட்டக்கூடாது. ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகுக்குள் ஒளித்துக்கொண்டு, அலகை நறநறவென்று அரைத்தால் நிம்மதி. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நோயோ என்று பயந்தோம். தூங்கப்போகும் கிளியின் சத்தம் அது.

நான் செய்ததெல்லாம் கூண்டுக்குப் பக்கவாட்டில் இருந்து என் வேலையைப் பார்த்தது. நேருக்கு நேர் இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பது பருந்தின் பார்வை. இரையாகிற உயிருக்கு அது பிடிக்காது. இருந்த இடத்திலிருந்து கொய்யாத் துண்டொன்றைக் கம்பிக்குள் நீட்டுவேன். கிளி பின்வாங்கினால் கையும் பின்வாங்கும். அவ்வளவுதான்.

"பட்டினி போட்டா தன்னால கைக்கு வரும் மகள்" என்றார் பக்கத்து வளவு வாப்பா. நல்ல மனிதர், இந்தக் கரையில் பலரும் சொல்வதைத்தான் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. நூற்றுச் சொச்சம் கிராம் உடம்பு பட்டினியைத் தாங்காது. பறவை நோயையும் கடைசிவரை மறைக்கும். பசியில் கைக்கு வருகிற கிளி தீனிக்குத்தான் வருகிறது, நமக்கு அல்ல.

சோறும் கச்சானும் மட்டுமே தின்று வளர்ந்த கிளிக்கு விற்றமின் ஏ குறையும். முருங்கையிலை, பப்பாசிப்பழம், கொவ்வைப்பழம் எல்லாம் வேலியோரம் கிடைக்கின்றன. மிளகாயின் உறைப்பு பறவை நாக்குக்குத் தெரியாது, அதனால் அது கேடில்லை. பட்டர் புரூட் எனப்படும் ஆனைக்கொய்யாவும் சொக்லேற்றும் நஞ்சு. ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டி கருகும் புகையும் கொல்லும். கூண்டைக் குசினியில் வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளி நிறம், வடிவம், எண்ணிக்கை சொல்லி உலகப் புகழ் பெற்றது. 2007இல் அது இறந்தது. எனக்கு அதன் கணக்கைவிடப் பெரிதாகப் படுவது வேறு: பாடம் சலித்ததும் கூண்டுக்குத் திரும்பவேண்டும் என்று அலெக்ஸ் வாய்விட்டுக் கேட்கும். கேட்கத் தெரிந்ததும், கேட்டதைச் செய்ய ஆளிருந்ததும் சேர்ந்துதான் அந்த உறவு.

நம் கிளி "அக்கா" என்று கூப்பிடுகிறது. யாரை என்று தெரியாது. வெனிசுவேலாவின் காட்டுக் கிளிகளில் தாய்தகப்பன் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனி அழைப்பொலி பழக்குவதை 2011இல் கார்ல் பெர்க் குழுவினர் காட்டினார்கள். கூட்டத்தின் ஒலியைக் கற்பது கிளியின் பிறவிக்குணம். கூட்டத்திலிருந்து பிரித்ததால் இது மனிதர் சொல்லைக் கற்றிருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்க என்னால் முடியவில்லை.

இப்போது அது தானாக என் விரலில் ஏறுகிறது, சில நாள் ஏறாது. ஏறாத நாளில் கூப்பிடுவதில்லை.

சிலாபம் முதல் கற்பிட்டி வரை தென்னந்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைபோன பட்ட தென்னையின் பொந்துதான் கிளிக்கு வீடு. தறிக்குமுன் அண்ணாந்து கொஞ்ச நேரம் பாருங்கள். கிளி போய்வந்தால் குஞ்சு பறக்கும்வரை மரத்தை விட்டுவையுங்கள். விழுந்த குஞ்சோ கைவிட்ட கிளியோ கண்டால், வளர்க்க எடுக்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். விலைக்குக் குஞ்சு கொண்டுவருபவரிடம் வாங்காதீர்கள்.