மிகிந்தலை மலைப் பயணமும் அதன் செலவுக் கணக்கும்

திருக்கோணமலையினின்று அநுராதபுரஞ் செல்லும் பெருவழியிலே, கன்னியா, பன்குளம், ஹொரவப்பொத்தானை, கஹட்டகஸ்திகிலிய என்னும் ஊர்களைக் கடந்து, தொண்ணூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு சென்றால் மிகிந்தலை மலை தோன்றும். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே மகிந்த தேரர் தேவநம்பியதீசனைச் சந்தித்த இடமென மகாவம்சம் கூறும் மலை இதுவே. சேதியகிரி என்பது இதன் பழம்பெயர்களுள் ஒன்று. இவ்விழாவாண்டில் வெளிநாடுகளினின்று வந்து சேரும் பழைய மாணவரும், வகுப்பறையில் வரலாறு பயிலும் இளையோரும் ஒருங்கே சென்றுவரத் தக்க மலைப்பள்ளி யாதென வினவுவார்க்கு இதனையே நாம் காட்டுவோம். காட்டுதற்குக் காரணம் அதன் தொன்மை மட்டுமன்று, செலவுங் காரணமாம்.

செலவைப் பற்றி விழா மலரில் எழுதுவதா எனச் சிலர் நகைக்கக்கூடும். சுற்றுலா அறிவித்தல் வகுப்பில் வாசிக்கப்பட்ட மறுநாள், பெயர் கொடாத மாணவர் சிலர் எப்பொழுதும் இருப்பர். காரணங் கேட்டால் வயிற்றுவலி என்பர். பாட்டி வீட்டிற் சடங்கு என்பர். மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளையும் நாட்கூலியாளர் வீட்டுப் பிள்ளையும் பணமில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கடிதத்தைப் பெற்றோரிடங் காட்டாமலே மடித்துப் புத்தகத்துள் வைத்துவிடுவர். ஆதலின் கணக்கை முன்னரே நன்கு போட்டு, தலைக்கு விழுந் தொகையை இயன்ற அளவு குறைத்தல் ஆசிரியர் கடமைகளுள் ஒன்றென்றே நாம் கருதுகின்றோம்.

முதலில் நுழைவுச்சீட்டு. மிகிந்தலையில் இலங்கைப் பிரசைகளுக்குக் கட்டணமில்லை. வெளிநாட்டவர் மட்டுமே, மேல்முற்றத்துக்கு ஏறும் இறுதிப் படிவரிசையின் அருகிற் சீட்டுப் பெறுதல் வேண்டும். அதுவும் ரூபாவிற் குறிக்கப்பட்ட சிறுதொகையே. சிகிரியா அவ்வாறன்று. காசியப்பன் அரண்மனை அமைக்குமுன்னும் அவன் மாண்ட பின்னும் துறவியர் உறைந்த மலை அது. ஆயினும் அங்கே வெளிநாட்டவர்க்குரிய சீட்டு டொலரிற் குறிக்கப்படுவது. 2019ஆம் ஆண்டளவில் சிகிரியாவுக்கு 30 டொலரும், அநுராதபுரம், பொலன்னறுவை ஆகியவற்றுக்குத் தனித்தனி 25 டொலரும் பெறப்பட்டன. சார்க் நாட்டவர்க்குப் பாதிக் கட்டணம். பழைய வழிகாட்டி நூல்களிலே முக்கோணச் சீட்டு என ஒன்று, பல இடங்களுக்கும் பொதுவாக, கூறப்பட்டிருக்கும். அஃது எப்பொழுதோ நிறுத்தப்பட்டது. அதனை நம்பி வருவார் ஏமாறுவர்.

டொலரிற் குறித்த சீட்டின் இடர் யாதெனில், அது நம் கையில் நில்லாது என்பதே. அயல்நாட்டுக் கடவுச்சீட்டுடைய அறுவர் சிகிரியா செல்கின்றனர் எனக் கொள்வோம். தலைக்கு 30 டொலர் வீதம் 180 டொலர். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அக்கணக்கில் 36,000 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அஃது 360 ரூபாவளவுக்கு ஏறியது. அப்பொழுது 64,800 ரூபா. மலையும் அதுவே, படிகளும் அவையே. மூன்று திங்களுக்குள் செலவு இருமடங்கை அணுகிற்று. ஆகவே டொலர்ச் சீட்டை ஒருபோதும் பொதுக்கணக்கிற் சேர்த்தல் ஆகாது. அதற்கு உரியவர் அதனைத் தாமே செலுத்துவதே முறை.

இனி, யார் வெளிநாட்டவர்? துறைமுகக் கரையிற் பிறந்து, நம் கல்லூரித் திடலிற் புழுதி படிய விளையாடி, பின்னர் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், சீட்டு விற்குமிடத்தில் வெளிநாட்டவரே. பிறந்த ஊர் அங்கே எண்ணப்படுவதில்லை. இன்றைய குடியுரிமையே எண்ணப்படும். இது மனத்துக்குச் சற்று உறுத்தலான செய்தியே. இரட்டைக் குடியுரிமை பெற்றவர் தம் இலங்கை அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவரின் இவ்வுறுத்தல் நீங்கும். முகத்தைப் பார்த்து, மொழியைக் கேட்டு, உள்ளூரவர் என விட்டுவிடுவாரும் உளர். அதனை நம்பிச் செல்லலாம் என நண்பர் சிலர் ஆலோசனை கூறுவர். பின்னே நாற்பது மாணவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முன்னே ஒரு பழைய மாணவர் பொய்யுரைத்து நுழைவதை நாம் விரும்போம்.

நுழைவுச்சீட்டினும் பெரிது வண்டிச் செலவு. புகைவண்டி இவ்வழிக்கு உதவாது. கல்லோயாச் சந்தி, மாகோ எனச் சுற்றிச் சென்றே அது அநுராதபுரத்தை அடையும். வாடகை பஸ்வண்டியே தக்கது. வாடகை நாளுக்கு நாள் மாறுமாதலின், விளங்குதற்பொருட்டு 60,000 ரூபா என ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். மாணவர் நாற்பதின்மர், ஆசிரியர் நால்வர், பழைய மாணவர் அறுவர், ஆக ஐம்பதின்மர். சமமாகப் பகிர்ந்தால் தலைக்கு 1,200. இத்தொகைக்கு அஞ்சி மாணவர் பதின்மர் நின்றுவிட்டால், எஞ்சியோர்க்கு 1,500 ஆகிவிடும். அதுகண்டு வேறு சிலர் நிற்பர். ஏழைப்பிள்ளை நின்றதன் சுமை அடுத்த ஏழைப்பிள்ளையின் மேல் விழுதல் இவ்வாறே.

சமமாகப் பகிர்தலே நீதி என எண்ணுதல் பலர்க்கு வழக்கம். இங்கே அது நீதியன்று. பழைய மாணவர் அறுவரும் தலைக்கு 4,000 ஏற்பாராயின் 24,000. ஆசிரியர் நால்வரும் தலைக்கு 1,500 தருவாராயின் 6,000. எஞ்சிய 30,000 ரூபாவை நாற்பதின்மர் பகிர்ந்தால் மாணவர்க்கு 750 மட்டுமே. அதன் மேலும் இரண்டு மூன்று இருக்கைகளைச் சங்கப் பணத்திற் செலுத்தி, அவை எவர்க்கு என்பதை வகுப்பாசிரியர் ஒருவரே அறியுமாறு வைத்தல் நன்று. உதவி பெற்றவர் பெயரை மேடையில் வாசிக்கும் வழக்கத்தை நாம் வெறுக்கின்றோம். கொடுத்தவர் பெயரை வேண்டுமாயின் வாசிக்கலாம்.

கணக்கைப் பற்றி இவ்வளவு பேசுதற்கு மிகிந்தலையே நமக்குச் சான்று தருகின்றது. தானசாலையை அடுத்த கட்டடத்தின் வாயிலில் இரண்டு பெருங் கற்பலகைகள் நிற்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட நான்காம் மகிந்தன் பொறித்த சாசனம் அவற்றில் உண்டு. துறவியர் வைகறையில் எழுந்து ஒழுக வேண்டிய முறையோடு, மடத்தின் பணியாளர் ஒவ்வொருவர்க்கும் உரிய நிலமும் அரிசியும் பொன்னும் அதிலே வகுக்கப்பட்டுள்ளன. மருத்துவர், குயவர், ஓவியர் எனப் பலரும் அப்பட்டியலில் உளர். பொன்னளவைக்குக் களந்த என்ற சொல் வருகின்றது. நம் கழஞ்சோடு உறவுடையது அது என்பதை மாணவர்க்குச் சொல்லாமல் வர நமக்கு மனம் வராது. அன்றாடச் செலவை ஏட்டிற் பதிந்து பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். திங்கட்கணக்குப் பன்னிரண்டையுந் தொகுத்து ஆண்டிறுதியிற் சங்கத்தார் நடுவே வாசிக்க வேண்டும் என்பதும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. இச்சாசனத்தைக் கண்டு திரும்பும் குழு, தன் பயணக் கணக்கைக் கல்லூரி அறிவித்தற் பலகையில் ஒட்டாமல் விடுமோ?

பார்க்கவேண்டுவன பல. அடிவாரத்தில் பண்டை மருத்துவசாலையும், மனிதவுருவாகக் குடைந்த மருந்துத் தொட்டியும். இடையிற் கண்டக சேதியம். சோறும் கஞ்சியும் நிறைத்த தானசாலைக் கற்றொட்டிகள். மேலே அம்பத்தல, மகாசேயா, ஆராதனைப் பாறை. சற்று விலகி நாகபொக்குணை. படிகள் 1,840 என்பர். முதியோர் அஞ்சவேண்டா, வண்டி இடைத்தளம்வரை செல்ல ஒரு பாதையுண்டு. மேல்முற்றத்திற் செருப்பின்றி நடக்கவேண்டுமாதலின், உச்சிவேளைக்குள் இறங்கிவிடுதல் நலம். வெயிலேறிய கருங்கல் உள்ளங்காலை வாட்டிவிடும். யூன் மாதத்துப் பொசன் பௌர்ணமியையும் அதனையடுத்த நாட்களையும் தவிர்க்க. பெருந்திரளிற் பிள்ளைகளை எண்ணிக் கூட்டுதல் அரிது. பொதிச்சோறும் நீரும் வீட்டிலிருந்தே கொண்டுசென்றால் உணவுச் செலவு அடங்கும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியை முற்கூட்டியே பெறுக.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார் மாலைக்குள் மீளலாம். பொழுதிருப்பின், திரும்பும் வழியிற் கன்னியாவுக்கு அண்மையிற் பிரிந்து, இராசராசப் பெரும்பள்ளி எனச் சோழர் காலத்தில் வழங்கிய வெல்கம் விகாரையையும் காண்க. விளக்கெரிப்பதற்கென அளித்த கொடைகளைக் கூறும் தமிழ்ச் சாசனங்கள் அங்கே உள்ளன. நம் மாணவர் அவற்றின் எழுத்தைச் சற்று முயன்றால் தாமே கூட்டி வாசிப்பர்.