முழங்கை முறிந்த பிள்ளை: எது இன்றிரவு, எது நாளை காலை?

பள்ளி விடுமுறை விட்டால் போதும். கொய்யா மரம், மாடிச்சுவர், சைக்கிள் என்று பிள்ளைகள் விழத் தொடங்கிவிடுவார்கள். கையை ஊன்றி விழும் 5 முதல் 7 வயதுப் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது சகஜம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் அதற்குப் பின் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிலர் நேராக எண்ணெய்க்கட்டு போடுகிறவரிடம் போகிறார்கள். விரல் வீங்கிக் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைவு வருகிறது. சிலர் சரியான இடத்துக்குப் போயும், "ஆபரேஷன் நாளைக் காலை" என்றதும் சண்டை போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக வேறு ஊருக்கு ஓடுகிறார்கள். இரண்டிலும் இழப்பு பிள்ளைக்கே.

ஆபரேஷன் எப்போது என்பதை முடிவு செய்வது ரத்த ஓட்டம். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் நரம்பும் முழங்கையின் முன்புறம்தான் ஓடுகின்றன. விலகிய எலும்பின் முனை அவற்றை அழுத்தலாம், கிழிக்கலாம். கை வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ, மணிக்கட்டில் நாடி இல்லாவிட்டாலோ, எலும்பு தோலைக் கிழித்திருந்தாலோ, விரலை நிமிர்த்தினால் பிள்ளை துடித்தாலோ ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் ரத்தமில்லாத தசை மீளாது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இந்த ஊனத்தை ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே விவரித்துவிட்டார். இன்றும் இறுக்கக் கட்டிய கட்டு அதைக் கொண்டுவருகிறது.

நாடி நன்றாக இருந்து, விரல்கள் சிவந்து, கதகதப்பாக அசைந்தால், காலை வரை காத்திருப்பது தவறல்ல. இப்படிப்பட்ட பிள்ளைகளில், எட்டு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களையும் அதற்குப் பின் செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்த இரவில் நர்ஸ் திரும்பத் திரும்ப நாடியையும் விரலையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் கேளுங்கள். மூன்று நான்கு நாள் தள்ளிப்போடவும் விடாதீர்கள்.

விழுந்தவுடன் கையை இழுக்காதீர்கள், நீவாதீர்கள். வளையல், கயிற்றைக் கழற்றுங்கள். அட்டையும் துண்டும் வைத்து, விரல் தெரியும்படி தளர்வாகக் கட்டுங்கள். டாக்டர் சொல்லும்வரை சோறு, பால், டீ வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து தாமதமாகும். 108-ஐக் கூப்பிடுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்ததும், தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது புதுச்சேரி ஜிப்மர்.

இனி, எல்லாரும் கோட்டைவிடும் ரெஃபர் சீட்டு. "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்ற ஒற்றை வரியோடு பிள்ளையை வண்டியேற்றுவது பொறுப்பின்மை. விழுந்த நேரம், வந்த நேரம், நாடி இருந்ததா, விரல் அசைந்ததா, என்ன மருந்து கொடுத்தார்கள், பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். "நாடி பார்த்து எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை இல்லையென்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தனியாருக்குப் போவதானால் முதலமைச்சர் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அந்த அட்டைக்கு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். கை முறிந்த பிறகு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள். அரசின் 'நம்மைக் காக்கும் 48' இலவசச் சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டுமே. மரத்திலிருந்து விழுந்தால் பொருந்தாது.

அலட்சியம் நடந்தால் கத்திவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். மருத்துவக் கல்லூரியில் நடந்தால் டீனிடம். தாலுகா மருத்துவமனையில் நடந்தால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில். சீட்டின் நகலை இணைத்து, ஒப்புகை வாங்குங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி.

ஆபரேஷனில் எலும்பைப் பிடிக்க வைத்த கம்பியை மூன்று நான்கு வாரத்தில் எடுப்பார்கள். அதன் பிறகும் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது; கை விளையாட்டிலேயே இளகும். மறுபடியும் சொல்கிறேன்: மாவுக்கட்டு போட்ட பின் அழுகை கூடினாலோ, விரல் வெளுத்தாலோ, வீங்கினாலோ டாக்டர் சொன்ன தேதிவரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.