கணிப்பொறி: பொருத்துவதா, வாங்குவதா?

ஆயத்தப் பொருளை வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திக்கொள்வதா என்னும் வினா ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதேனும் ஒரு சமயம் எழுவதுண்டு. இன்று மாணவர் பலர் விரும்பும் விளையாட்டுக் கணிப்பொறி இவ்வினாவைப் புதிய உருவில் எழுப்பியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் செலவாகும் சாதனத்தைப் பற்றிப் பெற்றோர் முதலில் யோசனை கேட்பது ஆசிரியரிடம், சிற்றூர்களில் களப்பணியாளரிடம். அந்த யோசனை விளம்பரத்தின்மேல் நில்லாது கணக்கின்மேல் நிற்க வேண்டும். அதற்குத் துணை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உல்லாஸ்நகரிலிருந்து தொடங்குவோம். கல்யாணை அடுத்துள்ள இவ்வூர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவ முகாமாக இருந்தது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகள் இங்கே குடியேற்றப்பட்டனர். 1949 இல் அப்பொழுது கவர்னர் ஜெனரலாயிருந்த இராஜாஜி இதனை நகராகத் தொடங்கி வைத்தார். உல்லாஸ் ஆற்றின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று. இவ்வூரின் மரச்சாமான் கடைவீதி பெயர் பெற்றது. அங்கே ஆயத்தமாக நிற்கும் அலமாரியையும் வாங்கலாம். அளவைச் சொல்லித் தச்சரிடம் செய்தும் வாங்கலாம். ஆயத்த அலமாரி அன்றே வீடு வந்து சேரும். ஆனால் உள்ளே இருப்பது எந்தப் பலகை என்பது தெரியாது. செய்து வாங்குவது நாளாகும். ஆனால் பலகையை நாமே தேர்ந்தெடுக்கலாம். கணிப்பொறியின் கதையும் ஏறக்குறைய இதுவே.

விளையாட்டுக்கு வேண்டிய வலிமை

கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பயன்படும் கணிப்பொறிக்கும் விளையாட்டுக் கணிப்பொறிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, திரையில் காட்சியை வரையும் வேகமாகும். சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ‘4கே’ எனப்படும் உயர்தரத் திரையில் 3,840க்கு 2,160. அதாவது 82,94,400 புள்ளிகள். இது சரியாக நான்கு மடங்கு. நொடிக்கு 60 முறை காட்சி மாற வேண்டுமாயின் ஒரு காட்சியை வரைய 16.7 மில்லி நொடி கிடைக்கும். 144 முறை மாற வேண்டுமாயின் 6.9 மில்லி நொடியே கிடைக்கும்.

இவ்வேலையைச் செய்வது, கடைவீதியில் ‘கிராஃபிக்ஸ் கார்டு’ என்று வழங்கும் வரைகலை அட்டை. எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அட்டையன்று, திரையே. சாதாரணத் திரையை வைத்திருப்பவர் 4கே திரைக்குரிய அட்டையை வாங்குவது, குடிசை வாசலுக்குக் கோட்டைக் கதவு செய்வதை ஒக்கும்.

நூறு ரூபாயைப் பகிர்தல்

திரை நீங்கலாக, கணிப்பொறிக்கு நூறு ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். பொருத்துவோர் கைக்கொள்ளத்தக்க ஒரு மாதிரிப் பங்கீடு பின்வருமாறு: வரைகலை அட்டைக்கு 38, பிராசஸர் என்னும் செயலிக்கு 19, மதர்போர்டுக்கு 11, ராம் நினைவகத்துக்கும் எஸ்.எஸ்.டி. சேமிப்புக்கும் சேர்த்து 18, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிக்கு 8. கேபினட்டுக்கும் விசிறிகளுக்கும் 6. சந்தை விலைக்கேற்ப இவை சற்றே மாறும். ஆயினும் பெரும் பங்கு எங்கே செல்ல வேண்டும் என்பது மாறாது.

ஆயத்தக் கணிப்பொறியைச் செய்யும் நிறுவனம் விளம்பரத்தில் இரண்டு பெயர்களைப் பெரிதாக அச்சிடுகிறது: செயலியின் பெயர், அட்டையின் பெயர். வாங்குவோர் பார்ப்பதும் அவ்விரண்டையே. ஆதலால் மற்ற இடங்களில் சிக்கனம் செய்ய இடமேற்படுகிறது. ராம் இரண்டு பட்டைகளாக இருந்தால் செயலி இரு வழிகளில் தரவைப் பெறும். ஒரே பட்டையாக இருப்பின் ஒரு வழியே திறந்திருக்கும். கொள்ளளவு ஒன்றே, வேகம் வேறு. காற்றோட்டமில்லாத கேபினட்டில் வெப்பம் மிகுந்தால், செயலியும் அட்டையும் தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். தாராவியின் சிற்றறையிலோ செம்பூரின் அடுக்குமாடியிலோ மே மாதத்தில் இது கண்கூடாகத் தெரியும்.

வேறொரு குறையும் உண்டு. மதர்போர்டு, மின்வழங்கி, கேபினட் ஆகியவற்றின் அளவுகளைப் பொதுவாக்கிய ‘ஏ.டி.எக்ஸ்.’ முறை 1995 இல் வந்தது. எந்நிறுவனத்தின் பாகமும் பிறிதொரு நிறுவனத்தின் பாகத்தோடு பொருந்துவது இதனாலேயே. ஆனால் சில ஆயத்தக் கணிப்பொறிகளில் மதர்போர்டும் மின்வழங்கியும் தனி அளவில் செய்யப்பட்டிருக்கும். நான்கு ஆண்டு கழித்து அட்டையை மட்டும் மாற்ற விரும்பினால் அது இயலாது போகும். வாங்குமுன் இதனைக் கேட்டறிதல் அவசியம்.

மின்சாரக் கணக்கு

பொருத்துவோர் மிகுதியாகப் பிழை செய்வது மின்வழங்கியில். வெளித்தோற்றத்தில் பயன் தெரியாத பாகமாகையால் அங்கே பணத்தைக் குறைக்க மனம் விழைகிறது. கணக்கைப் பாருங்கள். விளையாட்டின்போது உள்ளே உள்ள பாகங்கள் 400 வாட் கேட்பதாகக் கொள்வோம். மின்வழங்கியின் திறன் 85 விழுக்காடாயின் சுவரிலிருந்து ஏறத்தாழ 470 வாட் எடுக்கப்படும். மிகுந்த 70 வாட் வெப்பமாகக் கழியும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் முப்பது நாளைக்கு இது சுமார் 42 யூனிட் ஆகும். மாதந்தோறும் வரும் இச்செலவு, பொருத்தினாலும் வாங்கினாலும் உண்டு.

வீடுகளில் சாதாரணமாக உள்ள 600 வோல்ட்-ஆம்பியர் யு.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்டே தாங்கும். 470 வாட் எடுக்கும் கணிப்பொறியை அதில் இணைத்தால், மின்சாரம் நிற்கும் கணத்தில் யு.பி.எஸ்.உம் நின்றுவிடும். நில இணைப்புள்ள மூன்று துளை மின்முனை இன்றியமையாதது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் அதனுள் உள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.

வாங்குவதே நன்றாகும் சமயங்கள்

இதுவரை கூறியவற்றால் பொருத்துவதே எக்காலும் சிறந்தது என்று முடிவு செய்தல் பொருந்தாது. வரியில் வேறுபாடில்லை, பாகமாக வாங்கினாலும் முழுமையாக வாங்கினாலும் சரக்கு சேவை வரி 18 விழுக்காடே. பெருநிறுவனங்கள் பாகங்களை ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்வதால் சிற்சில காலங்களில் முழுக் கணிப்பொறியின் விலை பாகங்களின் கூட்டுத்தொகையினும் குறைந்து நிற்கும். 2021 ஆம் ஆண்டில் மறைநாணயம் ஈட்டுவோரின் தேவையாலும் சில்லுப் பற்றாக்குறையாலும் வரைகலை அட்டைகள் தனியே கிடைப்பதரிதாயிற்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் முறை மாறியதும் பழைய அட்டைகள் சந்தையில் குவிந்தன. 2025 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், செயற்கை அறிவுக்கான தரவு நிலையங்களின் தேவையால் ராம் விலை இரு மடங்குக்கும் மேலாக ஏறிற்று. இத்தகைய காலங்களில், முன்பே செய்து வைத்த கணிப்பொறி இலாபமாகலாம். ஆகவே சென்ற ஆண்டுக் கணக்கை நம்பாது, வாங்கும் வாரத்தின் விலையை வைத்தே கூட்டிப் பார்க்க வேண்டும்.

உத்தரவாதமும் கருதத்தக்கது. ஆயத்தக் கணிப்பொறி பழுதானால் முறையிட ஒரே வாசல். பொருத்திய கணிப்பொறியில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உத்தரவாதம், தனிச் சேவை நிலையம். எந்தப் பாகம் பழுது என்பதை உரியவரே கண்டறிய வேண்டும். மும்பைவாசிக்கு இது அரை நாள் அலைச்சல். இராமநாதபுரத்துச் சிற்றூரில் உள்ளவருக்கோ அதே அட்டையைத் தபாலில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஊருக்கு ஊர் விடை வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

இயக்கு மென்பொருளையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஆயத்தக் கணிப்பொறியின் விலையில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பொருத்துவோர் அதனைத் தனியே வாங்க வேண்டும். சில கடைகளில் ‘இலவசமாக’ ஏற்றித் தரும் கள்ளப் பிரதி சட்டத்துக்குப் புறம்பானது. அதனோடு தீங்கு நிரலிகளும் உட்புகலாம். லினக்ஸ் இலவசம், விளையாட்டுகள் பல அதில் இயங்குகின்றன. எனினும், ஏமாற்றுத் தடுப்பு நிரலி கொண்ட சில இணைய விளையாட்டுகள் இயங்குவதில்லை.

நாட்டளவில் எழுந்த இதே வினா

பொருத்துவதா, வாங்குவதா என்னும் வினாவை நம் நாட்டின் விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் எதிர்கொண்டனர். 1950களின் இடையில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் பிரிட்டனிலிருந்து ஒரு கணிப்பொறியை விலைக்கு வாங்கிற்று. அதே காலத்தில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தானே ஒன்றைச் செய்யத் துணிந்தது. சென்னையில் கல்வி கற்ற ஆர். நரசிம்மன் அக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். சிறு முன்மாதிரி முதலில் இயங்கிற்று; முழு இயந்திரம் 1960 இல் பணி தொடங்கிற்று. 1962 இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயரிட்டார். அதன் நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். அதாவது 10,240 பைட். இன்றைய மாணவர் கேட்கும் 16 ஜி.பி. ராம் இதனைப்போல் சுமார் 16 லட்சத்து 77 ஆயிரம் மடங்காகும்.

டிஃப்ராக் முடிவதற்குள் உலகில் டிரான்சிஸ்டர் கணிப்பொறிகள் வந்துவிட்டன. 1964 இல் அந்நிலையமே பெரிய கணிப்பொறி ஒன்றை அமெரிக்காவிலிருந்து வாங்கிற்று. ஆயின் செய்தது வீணாயிற்றா? இல்லை. செய்தவர்கள் கணிப்பொறியின் உள்ளியல்பை அறிந்தவராயினர்; நாட்டின் கணிப்பொறித் துறை அவ்வறிவினால் வளம் பெற்றது. செய்ததனால் அறிவும், வாங்கியதனால் ஆற்றலும் கிடைத்தன. எது எப்பொழுது வேண்டும் என்று தெரிந்ததே அவர்களின் சிறப்பு.

நடுவழி

குடும்பங்களுக்கு ஒரு நடுவழி உண்டு: பாகங்களை நாமே பட்டியலிட்டு, கடைக்காரரைக் கொண்டு பொருத்தச் செய்தல். உல்லாஸ்நகரிலிருந்து புறநகர் இரயிலில் தாதருக்கு வந்து, மேற்குப் பாதைக்கு மாறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் சாலை அருகிலேயே உள்ளது. மாதுங்காவிலிருந்து செல்பவருக்குத் தொலைவு இன்னும் குறைவு. சென்னையில் இருப்பவர்க்கு ரிச்சி தெரு. ஒரே பட்டியலை மூன்று கடைகளில் காட்டி எழுத்து மூலம் விலை பெறுக. ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் ரசீதில் இடம்பெறட்டும். பெட்டிகளைக் கடையிலேயே விட்டு வராதீர்கள்; உத்தரவாதத்துக்கு அவை வேண்டியிருக்கலாம்.

வீடு வந்ததும் மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, திரையின் கம்பி மதர்போர்டில் அன்றி வரைகலை அட்டையில் செருகப்பட்டுள்ளதா என்று பார்த்தல். இரண்டாவது, 144 முறை மாறவல்ல திரை 60 என்னும் அளவிலேயே நின்றுவிடாதபடி அமைப்பை மாற்றுதல். மூன்றாவது, ராம் தன் முழு வேகத்தில் இயங்க பயாஸில் ‘எக்ஸ்.எம்.பி.’ அல்லது ‘எக்ஸ்போ’ என்னும் அமைப்பை இயக்குதல். இம்மூன்றுக்கும் ஒரு காசும் செலவில்லை. இவற்றைச் செய்யாமல், பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை இழப்போர் பலர்.

ஆசிரியர்கள் இவ்வினாவை வகுப்பறைப் பயிற்சியாகவும் ஆக்கலாம். புள்ளிகளைப் பெருக்குதல், காட்சி நேரத்தை வகுத்தல், யூனிட் கணக்கிடுதல், விலைப்பட்டியல் ஒப்பிடுதல் ஆகியவை எட்டாம் வகுப்புக் கணக்குக்கு அப்பாற்பட்டவை அல்ல. இக்கணக்குகளைத் தானே போட்டு, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பெற்றோருக்கு விளக்கவல்ல மாணவன் பொருத்தத் தகுதி பெற்றவன். அவனுக்கு அது சிக்கனமும் கல்வியும் ஆகும். விளக்க இயலாதவன், அருகில் சேவை நிலையமுள்ள ஆயத்தக் கணிப்பொறியை வாங்குவதே குடும்பப் பணத்துக்குக் காப்பு. அவனும் அடுத்த ஆண்டு மூடியைத் திறந்து, ஒரு ராம் பட்டையைக் கூட்டிப் பொருத்தக் கற்றுக்கொள்ளலாம்.