ஜோடி சேருவது உறுதி... அப்புறம் எதுக்கு சஸ்பென்ஸ்?

ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவலைக் கையில் எடுத்ததுமே முடிவு தெரிந்துவிடும். நாயகனும் நாயகியும் சேர்ந்துவிடுவார்கள், வில்லன் மாட்டிக்கொள்வான். 'இதுல என்னங்க சஸ்பென்ஸ்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸின் 'கால்ஹூன்' குடும்ப வரிசை அதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

கதை என்ன?

மெய்ன் மாநிலத்தில் மவுண்ட் டெசர்ட் தீவு. கடலைப் பார்த்தபடி 'தி டவர்ஸ்' என்றொரு பழைய மாளிகை. பெற்றோரை இழந்த நான்கு சகோதரிகளும், அவர்களை வளர்த்த அத்தை கோகோவும் அங்கே வசிக்கிறார்கள். பராமரிப்புக்கே கைக்காசு கரைகிறது. வீட்டை வித்துடலாமா என்ற நிலைமை. கொள்ளுப்பாட்டி பியாங்கா ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் மரகத நெக்லஸ் கிடைத்தால் தப்பிக்கலாம். ஆனால், அந்தச் செய்தி வெளியே கசிய, ஒரு திருடனும் தேடி வருகிறான்.

இரண்டு முடிச்சு

1991-ல் அடுத்தடுத்து நான்கு நாவல்கள் வந்தன. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சகோதரியின் காதல் முழுசாக முடிந்துவிடும். நெக்லஸ் எங்கே என்பது மட்டும் அடுத்த புத்தகத்துக்குத் தள்ளிப்போகும். சிலுவெட் பதிப்பகம் இந்த நான்கையும் தன்னுடைய நான்கு வெவ்வேறு நாவல் வரிசைகளில் வெளியிட்டது. குடும்பத்தைத் தொடர விரும்பிய வாசகர், தான் வழக்கமாக வாங்காத வரிசையையும் வாங்கியாக வேண்டும். செம பிசினஸ் மூளை!

மூன்றாவது நாவலான 'ஃபார் தி லவ் ஆஃப் லைலா'வில் ஆபத்து நெருங்குகிறது. வரலாற்றுப் பேராசிரியர் மேக்ஸை, திருடிய பழைய ஆவணங்களை ஆராயச் சொல்லி, விஷயத்தை மறைத்து வேலைக்கு வைக்கிறான் திருடன். உண்மை தெரிந்ததும் மேக்ஸ் படகிலிருந்து கடலில் குதிக்கிறார். அவரைக் கரைசேர்ப்பவர் லைலா. இங்கே காப்பாற்றப்படுவது நாயகன்தான்!

உண்மையான பதற்றம் எங்கே?

பியாங்கா ஓர் ஓவியரைக் காதலித்தவர். கண்டிப்பான கணவரைவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேற வழியில்லாமல் தவித்தவர். கோபுர ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். கொள்ளுப்பேத்தி சுசானாவின் கல்யாணமும் கசந்தது. ஆனால், அவர் இரண்டு குழந்தைகளோடு கிளம்பி வந்துவிட்டார். எங்கே வந்தார்? இதே வீட்டுக்கு.

இப்போது புரிகிறதா? அந்த வீடு கைவிட்டுப்போனால், ஒரு பெண் 'போதும்'னு திரும்பி வர இருக்கிற ஒரே இடமும் போய்விடும். யார் யாரோடு சேருவார் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்தக் கதவு திறந்தே இருக்குமா என்பதுதான் தெரியாது. நம்மைப் பக்கம் புரட்ட வைப்பது அந்தப் பயம்தான்.

நான்காவது நாவலான 'சுசானாஸ் சரண்டர்'ல் நெக்லஸ் மர்மம் அவிழ்கிறது. விடையை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். 1996-ல் ஐந்தாவதாக 'மேகன்ஸ் மேட்' வந்தது. அதன் நாயகி மேகனின் மகனுக்குத் தகப்பன், சுசானாவின் முன்னாள் கணவர். அந்தப் பெண்ணையும் இந்தக் குடும்பம் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறது.

எங்கே தொடங்கலாம்? முதல் நாவலான 'கோர்ட்டிங் கேத்தரின்'லிருந்தே வாங்க. நடுவில் நுழைந்தால் காதல் புரியும், ஆனால் வீட்டின் அருமை புரியாது.