சிங்கப்பூர் கல்: மிச்சம் இருக்கும் ஒரு துண்டு

2019 மே மாசம், பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நாலு நாள் சிங்கப்பூர் போயிருந்தோம். ராஃபிள்ஸ் வந்திறங்கி 200 வருஷம் ஆனதைக் கொண்டாடிக்கொண்டிருந்த வருஷம் அது. திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே ரெண்டரை மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம்தான்.

எல்லாரும் பார்ப்பதை நாங்களும் பார்த்தோம். மெர்லயன் சிங்கம், மரீனா பே, மகளுக்காக யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மனைவிக்காக முஸ்தபா. அம்மாவுக்குப் பிடித்தது ரயில் நிலையம். படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனவர், பலகையில் தமிழைப் பார்த்ததும் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "நம்ம ஊர்லகூட இவ்ளோ தெளிவா எழுத மாட்டேங்கிறானுங்களேப்பா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

எனக்கென்று நான் கேட்டது ஒரே ஒரு காலை நேரம். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் துண்டு பார்க்கணும். காலை 10 மணிக்குத் திறந்ததும் உள்ளே போனோம். மணற்கல், ஒரு முழத்தைவிடச் சற்றே பெரிசு. மேலே மழுங்கிப்போன எழுத்துகள். மகள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அப்பா, இவ்ளோதானா?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. இவ்வளவாக அது ஆன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1819-ல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் காடு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய பாறை கண்ணில் பட்டது. இன்று ஃபுல்லர்டன் ஹோட்டல் நிற்கிற பக்கம் அது. சுமார் பத்தடி உயரம், ஐம்பது வரி எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. அப்போது அங்கே இருந்த முன்ஷி அப்துல்லா தன் வரலாற்று நூலில் ஒரு வேடிக்கை சொல்கிறார். இந்தியர்கள் பார்த்துவிட்டு எங்க எழுத்து என்றார்களாம், ஆனால் படிக்கத் தெரியவில்லை. சீனர்கள் பார்த்துவிட்டு எங்க எழுத்து என்றார்களாம். சமூக ஊடகம் இல்லாத காலத்திலேயே இந்தச் சண்டை இருந்திருக்கிறது! அப்துல்லாவின் முன்னோரில் தமிழரும் உண்டு. அவருக்குத் தமிழும் தெரியும்.

1843-ல் ஆற்று வாயை அகலப்படுத்தவும் கோட்டைப் பக்கம் இடம் எடுக்கவும் பாறையை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எதிர்க்கரையில் இருந்த ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி ஓடிப்போய் எழுத்துள்ள சில துண்டுகளைப் பொறுக்கி, கல்கத்தாவின் ஆசியவியல் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அப்படிப் போனதில் திரும்பி வந்த ஒன்றைத்தான் நாங்கள் பார்த்தோம். கருவூலத் தாழ்வாரத்தில் கிடந்த இன்னொரு பெரிய துண்டின்மேல் காவல் சிப்பாய்கள் உட்கார்ந்து உட்கார்ந்தே எழுத்து தேய்ந்துபோனது. கவர்னர் மாளிகை அருகே கிடந்ததை, கவர்னர் பினாங்கு போயிருந்த நேரத்தில், கைதிகள் உடைத்துச் சாலைக்கு ஜல்லியாகப் போட்டுவிட்டார்கள். சிங்கப்பூரின் அன்றைய கைதிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள்.

ஒரே நல்ல காரியம், உடைப்பதற்கு முன்னால் 1837-லேயே பிளாண்ட் என்பவர் அந்த எழுத்துகளைப் பிரதி எடுத்திருந்தார். தெளிவாகத் தெரிந்த கொஞ்சம் எழுத்துகள்தான் அதில் தேறின. இன்றைக்கு ஆய்வு என்று நடப்பதெல்லாம் இந்தப் பிரதியையும் அந்தத் துண்டையும் வைத்துத்தான். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் கொண்டும் முயன்று பார்த்திருக்கிறார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இருப்பது சிதைந்த கோப்பு, அதற்கு ஓர் அரைகுறை பேக்கப்.

எழுத்து காவி வகை என்று கருதுகிறார்கள். காவி என்பது ஜாவாவில் வழங்கிய பழைய எழுத்து, பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்த இடத்தில்தான். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறதே, மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாகச் சொல்லும் கல்வெட்டு, அதன் எழுத்துக்குச் சிங்கப்பூர் பாறையின் எழுத்து தூரத்துப் பேரப்பிள்ளை முறை. மண்டகப்பட்டு கல்வெட்டு ஆயிரத்து நானூறு வருஷம் தாண்டி இன்றும் படிக்கிற மாதிரி நிற்கிறது.

நாங்கள் திரும்பி வந்த சில மாசத்தில், அதே 2019-ல், இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அந்த எழுத்துகளில் 'கேசரிவ' என்று படிக்கலாம், அது 'பரகேசரிவர்மன்' என்ற சோழப் பட்டப் பெயரின் பகுதியாக இருக்கலாம் என்று எழுதினார். முதலாம் ராஜேந்திரன் பரகேசரிதான். 1025 வாக்கில் கடாரம் வரை படை அனுப்பியவன். உடனே வாட்ஸ்அப்பில் 'சிங்கப்பூரில் ராஜேந்திர சோழன் கல்வெட்டு' என்று பறக்க ஆரம்பித்தது. கொஞ்சம் பொறுங்க சார். ஐம்பது வரியில் ஒரு வார்த்தையின் நாலு எழுத்து அது. பரகேசரிப் பட்டம் சோழர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு வந்தது. முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டிய வரிகள் ரோட்டுக்கு ஜல்லியாகப் போய்விட்டன. சின்கிளேர் சொல்வது உண்மையாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இன்றைக்கு அது ஒரு யூகம், அவ்வளவே.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு முடித்திருப்பேன். முடியவில்லை. திண்டிவனம், வானூர், திருவக்கரைப் பக்கம் கிரஷர் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். பெருமுக்கல் மலையின் பாறைக் கீறல்களையும் கீழ்வாலை ஓவியங்களையும் போய்ப் பார்ப்பவர்களுக்கு, அக்கம்பக்கத்துப் பாறைகள் என்ன ஆகின்றன என்று தெரியும்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. 2009 வாக்கில் ஒரு ஏரிக்கரைப் பாறையில் நாலைந்து வரி எழுத்து பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய நோக்கியா போனில் ரெண்டு படம் எடுத்தேன், அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்று. யாரிடமும் காட்டவில்லை. படம் இருந்த ஹார்டு டிஸ்க் போனது. மூணு வருஷம் கழித்துப் போனால் பாறை இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்த குழி. தினமும் சர்வருக்கு பேக்கப் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் செய்த வேலை இது.

அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றதற்குக் காரணம் அதுதான். மகளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. போன மாசம் பெருமுக்கல் போனபோது சொன்னேன். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது கீறல்கள் நன்றாகத் தெரியும். பக்கத்தில் அளவுகோலை வைத்து அவளே படம் எடுத்தாள். எடுத்த படங்களை அன்று ராத்திரியே மூணு இடத்தில் ஏற்றிவிட்டோம்.