கேரவன் வாங்கப் போறீங்களா? முதலில் தரையைப் பாருங்க

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். கேரள அரசோ 2021-லேயே அதைச் சுற்றுலா வண்டியாக்கிவிட்டது. மட்டாஞ்சேரி பக்கம் ஒன்றை வாங்கி நிறுத்தப்போகிறீர்கள் என்றால், முதலில் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்க.

2024 டிசம்பரில், வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தனர். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு தரையிலிருந்த துளை வழியாக உள்ளே ஏறியதாக கோழிக்கோடு என்ஐடி குழுவின் ஆய்வு சொன்னது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

காயலோர உப்புக்காற்றில் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வயர், பைப் நுழையும் இடங்களில் ரப்பரும் காய்ந்து வெடிக்கும். ராத்திரியில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டுக் கீழிருந்து பாருங்க. வெளிச்சம் கசிகிற இடத்தில் புகையும் நுழையும்; சீலன்ட் வைத்து அடைங்க. சமையல் கேஸ் கசிந்தால் வெளியேறுவதற்காகவே வைத்த வென்ட்டை மட்டும் அடைக்காதீங்க. படுக்கை அருகே கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம். அடைச்சாச்சே என்ற தைரியத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது.

கூரையில் ஏசி, சோலார் பேனலைச் சுற்றியுள்ள சீலன்ட்டை ஜூன் மழைக்கு முன்பே பாருங்க. டயரில் பட்டன் தேயாவிட்டாலும் வயசு முக்கியம்: பக்கவாட்டில் 2321 என்றிருந்தால், 2021-ன் 23-வது வாரம் தயாரித்தது.